உங்களுக்குத் தெரியுமா? – சாண்டா ஃபே: மண் சுவரும் மரப்படியும்

அமெரிக்காவின் தென்மேற்கே நியூ மெக்சிகோ மாநிலம். அதன் தலைநகர் சாண்டா ஃபே. 1610 வாக்கில் ஸ்பானியர்கள் அமைத்த ஊர் இது. ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரத்தில், கடல்மட்டத்திலிருந்து 7,000 அடிக்குச் சற்று மேலே இருக்கிறது. அமெரிக்க மாநிலத் தலைநகரங்களில் இதைவிட உயரமான இடத்தில் இருப்பது வேறொன்றும் இல்லை. அமெரிக்கா என்றதும் கண்ணில் தோன்றும் கண்ணாடிக் கோபுரங்கள் இங்கே கிடையாது. மண் நிறச் சுவர்கள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரக் கட்டைகள், தட்டையான கூரைகள் என்று ஊரே நிலத்திலிருந்து முளைத்ததுபோல நிற்கிறது. இங்குள்ள தேவாலயங்களைப் பற்றியும் பழைய கட்டடங்களைப் பற்றியும், அவற்றைக் கட்டிய கைகளைப் பற்றியும் சில செய்திகள்.

● அமெரிக்கப் பெருநிலத்தின் மிகப் பழைய தேவாலயம் என்று சொல்லப்படுவது இங்குள்ள அதிதூதர் மிக்கேல் சிற்றாலயம். ஊர் மக்கள் சான் மிகேல் என்பார்கள். ஊர் பிறந்த காலத்திலேயே இதுவும் எழுந்தது என்பது வழிவழிச் செய்தி. கட்டியவர்கள் ஸ்பானியர்கள் அல்லர். மெக்சிகோவிலிருந்து அவர்களோடு வந்த த்லாஸ்கலா பழங்குடியினர்தான் மண் குழைத்து, கல் அறுத்து, சுவர் எழுப்பினார்கள். ஆற்றுக்கு இப்பால் ஆட்சியாளர்கள், அப்பால் உழைப்பாளிகள் என்று ஊர் பிரிந்திருந்த காலம் அது. உழைப்பாளிகள் வாழ்ந்த அப்பகுதிக்கு அனால்கோ என்று பெயர். அந்தச் சேரியின் கோயில்தான் இன்று ஊரின் பெருமை.

● 1680-ல் பியூப்லோ பழங்குடியினர் நடத்திய கிளர்ச்சியில் அந்தச் சிற்றாலயம் எரிந்தது. 1710-ல் மறுபடி கட்டினார்கள். மறுபடி கட்டிய ஆண்டு உள்ளேயே எழுதியிருக்கிறது. பாடகர் மாடத்தைத் தாங்கும் உத்தரத்தில் அந்த ஆண்டையும், கட்டக் காரணமான ஆளுநரின் பெயரையும் செதுக்கியிருக்கிறார்கள். 1955-ல் தரையைத் தோண்டிய ஆய்வாளர்கள் அடியில் இன்னும் பழைய ஒரு கட்டடத்தின் அடித்தளத்தைக் கண்டார்கள். பீடத்துக்குப் பின்னாலுள்ள வண்ணப்பலகை அமைப்பு 1798-ஐச் சேர்ந்தது. இந்த ஆலயத்தின் கோபுரம் 1872-ல் சரிந்தது. சில ஆண்டுகள் கழித்து, சுவர்கள் வெளிப்பக்கம் சாயாமலிருக்க முன்புறம் கல்லால் முட்டுக் கொடுத்தார்கள். இன்றும் வாசலில் அந்த முட்டுகள் நிற்கின்றன.

● அதே ஆலயத்தில் ஒரு பெரிய மணி இருக்கிறது. அதன்மேல் பொறித்த ஆண்டு 1356 என்றே கண்ணுக்குத் தெரியும். கொலம்பஸ் புறப்படுவதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பெயினில் வார்த்த மணி, பெண்கள் தங்கள் பொன்னையும் வெள்ளியையும் கழற்றி உருகும் உலோகத்தில் போட்டார்கள் என்று கதை நீளும். வரலாற்றாசிரியர்கள் அந்த ஆண்டை 1856 என்று வாசிக்கிறார்கள். கதை அழகானதுதான். ஆனால் ஐந்நூறு ஆண்டுகளைக் கூட்டிச் சொல்லாமலே அந்த மணிக்கு மதிப்பு உண்டு.

● சிற்றாலயத்துக்கு எதிரே, சந்தின் மறுபக்கத்தில், 'மிகப் பழைய வீடு' என்று பெயர்ப்பலகை மாட்டிய மண் வீடு ஒன்று இருக்கிறது. அதன் கீழ்த்தள உத்தரங்களில் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். அந்த மரங்கள் வெட்டப்பட்டவை 1740-க்கும் 1767-க்கும் இடையில். மழை பெய்த ஆண்டில் வளையம் தடிக்கும், வறண்ட ஆண்டில் மெலியும். அந்த வரிசையை, ஆண்டு தெரிந்த வேறு மரங்களின் வரிசையோடு பொருத்தினால் மரம் வெட்டிய ஆண்டு கிடைத்துவிடும். இந்த முறையை உருவாக்கிய ஆய்வுகள் நடந்ததும் அமெரிக்கத் தென்மேற்குப் பகுதியில்தான்.

● ஊர் நடுவிலுள்ள சதுக்கத்தின் வடபுறம் முழுவதும் நீண்டு கிடக்கிறது ஆளுநர் மாளிகை. பெயர்தான் மாளிகை, ஒரே தளம் கொண்ட மண் கட்டடம். அமெரிக்காவில் இடைவிடாமல் புழக்கத்திலுள்ள மிகப் பழைய பொதுக்கட்டடம் இதுதான் என்பார்கள். ஸ்பெயின், பியூப்லோ பழங்குடியினர், மீண்டும் ஸ்பெயின், 1821-க்குப் பின் மெக்சிகோ, 1846 முதல் அமெரிக்கா என்று ஆட்சி மாறிக்கொண்டே வந்தது. உள்நாட்டுப் போரின்போது 1862 மார்ச்சில் தென்மாநிலக் கூட்டமைப்பின் படையும் சில வாரங்கள் இங்கே கொடியேற்றியது.

● இவற்றில் பழங்குடியினர் ஆண்ட அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பஞ்சம், கொள்ளைநோய், கட்டாய உழைப்பு, முன்னோர் வழிபாட்டுக்குச் சவுக்கடி என்று எண்பது ஆண்டுகள் பொறுத்த பியூப்லோ மக்கள் 1680 ஆகஸ்டில் ஒன்றாக எழுந்தார்கள். தலைமை தாங்கியவர் போப்பே என்ற சமயத் தலைவர். ஊருக்கு ஊர் மொழி வேறு. நூற்றுக்கணக்கான மைல் தூரம். செய்தி எப்படிப் போனது? முடிச்சிட்ட கயிறுகளை ஓட்டக்காரர்கள் கொண்டுபோனார்கள். நாளுக்கு ஒரு முடிச்சு அவிழ்க்க வேண்டும். கடைசி முடிச்சு அவிழும் நாளில் எழ வேண்டும். ஓட்டக்காரர்கள் இருவர் பிடிபட்டதால் திட்டமிட்ட நாளுக்கு முன்பே, ஆகஸ்ட் 10-ல் கிளர்ச்சி வெடித்தது. சுமார் 400 ஸ்பானியர்கள் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் பிரான்சிஸ்கன் துறவிகள். தப்பியவர்களில் ஆயிரம் பேர்வரை ஆளுநர் மாளிகைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். தண்ணீர் வரும் வாய்க்கால் அடைக்கப்பட்டது. வேறு வழியின்றி ஊரைவிட்டே தெற்கே போனார்கள். வென்றவர்கள் அந்த மாளிகையையே பல அடுக்குக் குடியிருப்பாக மாற்றி வாழ்ந்தார்கள். ஸ்பானியர்கள் திரும்பி வந்தது 1692-ல்.

வட அமெரிக்கப் பழங்குடியினர் ஓர் ஐரோப்பிய ஆட்சியை ஒரு மாநிலப் பரப்பு முழுவதிலிருந்தும் இத்தனை ஆண்டுகள் விலக்கி வைத்த நிகழ்வு இதுபோல் வேறு இல்லை. போப்பேயின் பளிங்குச் சிலையை நியூ மெக்சிகோ மாநிலம் 2005-ல் வாஷிங்டனிலுள்ள நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தன் சார்பில் அனுப்பியது. செதுக்கியவரும் ஒரு பியூப்லோ சிற்பியே.

● 'பென்-ஹர்' படத்தின் தேர்ப் பந்தயத்தை மறக்க முடியுமா? அதற்கு மூலமான நாவல் 1880-ல் வெளிவந்தது. எழுதியவர் லூ வாலஸ். அப்போது அவர் நியூ மெக்சிகோவின் ஆளுநர். நாவலின் கடைசிப் பகுதிகளை இந்த மண் மாளிகையில் இருந்துகொண்டுதான் எழுதி முடித்தார்.

● மாளிகையின் முன் தாழ்வாரத்தில் தினமும் பழங்குடிக் கைவினைஞர்கள் துணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளி, நீலப்பச்சைக் கல், மண்பாண்டம். விற்பவரோ அவர் குடும்பத்தாரோ கையால் செய்த பொருளைத்தான் விற்கலாம் என்பது அங்கே கண்டிப்பான விதி. ஆளுநர்களின் தாழ்வாரம், எவரை அவர்கள் ஆண்டார்களோ அவர்களுடைய கடைவீதி ஆகிவிட்டது.

● சதுக்கத்திலிருந்து கிழக்கே பார்த்தால் மண் ஊருக்குச் சற்றும் ஒட்டாத ஒரு கல் கட்டடம் தெரியும். புனித பிரான்சிஸ் அசிசியார் பேராலயம். பிரான்சிலிருந்து வந்த பேராயர் ழான்-பாப்டிஸ்ட் லாமி 1869-ல் அடிக்கல் நாட்டினார். மண் கோயில்கள் அவர் மனதுக்குப் பிடிக்கவில்லை. தன் நாட்டில் பார்த்ததுபோன்ற வட்ட வளைவுகள் கொண்ட ரோமனெஸ்க் பாணி ஆலயம் வேண்டும் என்று நினைத்தார். வண்ணக் கண்ணாடிகள் பிரான்சிலிருந்தே வந்தன. பழைய மண் ஆலயத்தை இடிக்காமல் அதைச் சுற்றியே புதிய கல் சுவர்களை எழுப்பினார்கள். உள்ளே பூசை தொடர்ந்து நடந்தது. கல் ஆலயம் தயாரானதும், உள்ளிருந்த மண் ஆலயத்தைப் பெயர்த்து வாசல் வழியாக வெளியே அள்ளிக் கொட்டினார்கள்!

முகப்பிலுள்ள இரண்டு கோபுரங்களும் மொட்டையாக நிற்பதைக் கவனிக்கலாம். மேலே கூர்முனைகள் வைக்கத் திட்டமிருந்தது; பணம் போதவில்லை. லாமி 1888-ல் இறந்து பீடத்தின் அடியில் அடக்கமானார். 2005-ல் இது பசிலிக்கா ஆனது. வில்லா கேதர் 1927-ல் எழுதிய புகழ்பெற்ற நாவலின் நாயகனான பேராயர், லாமியை வைத்து உருவான பாத்திரம்தான்.

● அந்தப் பேராலயத்தின் தலைவாசல் வளைவின் உச்சியில் ஒரு முக்கோணம். அதனுள்ளே இறைவனின் பெயர் எபிரேய எழுத்துகளில். கத்தோலிக்கப் பேராலய வாசலில் எபிரேயம் ஏன்? கட்டுமானத்துக்கு ஊரின் யூத வணிகர்கள் பண உதவி செய்தார்கள், அந்த நன்றிக்கு லாமி இப்படிச் செதுக்கச் சொன்னார் என்று ஊரில் சொல்வார்கள். முக்கோணத்துள் எபிரேயப் பெயர் எழுதுவது ஐரோப்பியக் கிறிஸ்தவ ஆலயங்களில் முன்பே வழக்கத்தில் இருந்ததுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டில் எது காரணமானாலும், வணிகர்களுக்கும் பேராயருக்கும் நல்ல நட்பு இருந்தது.

● பழைய மண் ஆலயம் முழுவதும் போய்விடவில்லை. வடபுறத்து மாதா சிற்றாலயம் தப்பியது. அங்கே சுமார் முக்கால் மீட்டர் உயரமுள்ள மரச் சுரூபம் ஒன்று இருக்கிறது. 1620-களில் ஒரு துறவி மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்தார். 1680-ல் தப்பி ஓடிய மக்கள் தங்களோடு எடுத்துப்போய், திரும்பியபோது கொண்டுவந்து வைத்தார்கள். அமெரிக்காவில் உள்ள மிகப் பழைய மாதா சுரூபம் இது என்பார்கள். விழாவுக்கு விழா உடை மாற்றுவார்கள். அலமாரி நிறைய ஆடைகள் உண்டு. நெடுங்காலம் 'வெற்றிகொண்ட மாதா' என்றே அழைத்தார்கள். தோற்றவர்களின் பிள்ளைகளும் அதே ஆலயத்தில் முழந்தாளிடுகிறார்கள் என்பதை எண்ணி 1992-ல் 'சமாதான மாதா' என்ற பெயரையும் சூட்டியது திருச்சபை. செய்ய வேண்டியதைத்தான் செய்தது.

● இனி, ஊரிலேயே அதிகம் பேசப்படும் ஒரு பொருள்: லொரெட்டோ சிற்றாலயத்தின் சுருள் படிக்கட்டு.

லாமியின் அழைப்பில் 1852-ல் வந்த லொரெட்டோ அருட்சகோதரிகள் பெண்களுக்குப் பள்ளி நடத்தினார்கள். பாரிஸிலுள்ள சேன் சப்பேல் ஆலயத்தை மனதில் வைத்து, பேராலயத்தில் வேலைசெய்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்களைக் கொண்டே 1870-களில் தங்களுக்கொரு கோதிக் சிற்றாலயம் கட்டினார்கள். 1878-ல் வேலை முடிந்தது. பாடகர் மாடத்துக்கு ஏற மட்டும் படி இல்லை. சாதாரணப் படிக்கட்டு வைத்தால் இடத்தைத் தின்றுவிடும். சகோதரிகள் தச்சர்களின் பாதுகாவலரான புனித சூசையப்பரிடம் நவநாள் ஜெபம் செய்தார்கள். ஒன்பதாம் நாள் கழுதையோடும் பெட்டியோடும் முதியவர் ஒருவர் வந்தார், சில மாதங்களில் படிக்கட்டைச் செய்து முடித்தார், கூலி வாங்காமலே மறைந்தார். சூசையப்பரே வந்தார் என்பது கதை.

படிக்கட்டு உண்மையிலேயே வியப்புதான். 33 படிகள். 20 அடி உயரம் ஏறுவதற்குள் இரண்டு முழுச் சுற்றுகள். நடுவில் தூண் கிடையாது. இரும்பாணி அடிக்காமல் மரமுளைகளால் இணைத்த ஸ்புரூஸ் மரவேலை. முதலில் கைப்பிடிகூட இருக்கவில்லை. 1887-ல்தான் அது வந்தது. அதுவரை மாணவிகள் இறங்கும்போது தவழ்ந்தும் உட்கார்ந்தும் வந்தார்களாம்.

தூண் இல்லாமல் எப்படி நிற்கிறது? உட்பக்கத்து வளைமரத்தில் விடை இருக்கிறது. அந்த மரம் மிக நெருக்கமாகச் சுருண்டு போவதால் அதுவே கிட்டத்தட்டத் தூணின் வேலையைச் செய்கிறது. துண்டு துண்டான மரங்களை வளைவாக இழைத்து, ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளும் புறமும் இரண்டு சுருள்களாக்கி, படிகளை இடையில் பூட்டியிருக்கிறார்கள். பிற்காலத்தில் பக்கத்துத் தூணோடு ஓர் இரும்புப் பட்டையால் பிணைத்தும் இருக்கிறார்கள். ஏறும்போது லேசாகத் துள்ளும் என்று ஏறியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்போது பார்வையாளர்கள் ஏற அனுமதி இல்லை.

செய்தவர் யார்? மேரி ஜீன் ஸ்ட்ரா குக் என்ற வரலாற்றாசிரியர் பொறுமையாகத் தேடினார். சகோதரிகளின் நாட்குறிப்பில் 1881-ல் ஒரு வரி கிடைத்தது: மரத்துக்காக ரோஷா என்பவருக்கு 150 டாலர் கொடுத்ததாக. யார் அந்த ரோஷா? பிரான்சில் பிறந்த தேர்ந்த மரவேலைக்காரர் பிரான்சுவா-ழான் ரோஷா. பிற்காலத்தில் மாநிலத்தின் தெற்கே டாக் கேன்யன் என்ற வறண்ட பள்ளத்தாக்கில் தனியாக ஆடுமாடு வளர்த்து வாழ்ந்தார். 1894 டிசம்பரில் தன் குடிலில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார். சில நாட்களில் சாண்டா ஃபே நாளிதழில் வந்த செய்தி, லொரெட்டோ சிற்றாலயத்தின் அழகிய படிக்கட்டைச் செய்தவர் இவர் என்று குறிப்பிட்டது. அவருடைய கல் குடிலின் எச்சங்கள் அங்குள்ள ஆலிவர் லீ மாநிலப் பூங்காவில் இருக்கின்றன.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வேண்டிய சகோதரிகளின் நம்பிக்கைக்கு ரோஷாவின் பெயரால் ஒரு குறையும் வராது. கூலிக்கு வேலைசெய்த ஒரு தச்சரின் பெயரை நூறு ஆண்டு மறந்திருந்ததுதான் குறை.

பள்ளி 1968-ல் மூடியது. சிற்றாலயம் இன்று தனியார் அருங்காட்சியகம், நுழைவுச்சீட்டு உண்டு, திருமணங்களும் நடக்கும்.

● குவாடலூப் மாதாவுக்கு அமெரிக்காவில் எழுந்த மிகப் பழைய திருத்தலமும் இவ்வூரில்தான். 18-ம் நூற்றாண்டின் கடைசிக் காலத்து மண் கட்டடம். பீடத்திலுள்ள பெரிய ஓவியத்தை மெக்சிகோவின் ஓவியர் ஹோசே தே அல்சீபர் 1783-ல் வரைந்தார். அரச பாதை எனப்பட்ட ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நெடுவழியில், பாலைவனம் கடந்து, கோவேறு கழுதைகளின் முதுகில் துணியாகச் சுருட்டி வந்தது அது.

● 'சாண்டா ஃபே ரயில்பாதை' என்று உலகம் முழுக்கப் பெயர்பெற்ற ரயில் நிறுவனத்தின் முதன்மைப் பாதை சாண்டா ஃபே ஊருக்குள் வரவேயில்லை! மலைச்சரிவு காரணமாகத் தெற்கே விலகிப் போனது. 1880-ல் லாமி என்ற நிலையத்திலிருந்து ஒரு கிளைப்பாதை மட்டும் கிடைத்தது. வணிகம் தேய்ந்தது. அதனால்தான் 1912-ல் ஊர்ப் பெரியவர்கள் வேறு வழி யோசித்தார்கள்: பழைய மண் தோற்றத்தைக் காப்போம், அதைப் பார்க்கவே மக்கள் வருவார்கள் என்று. அடுத்த ஆண்டே ஆளுநர் மாளிகையின் விக்டோரியா காலத்து மரக் கைப்பிடிச் சுவர்களைக் கழற்றிப் பழைய ஸ்பானியத் தாழ்வாரத்தை மீட்டார்கள். 1917-ல் கலை அருங்காட்சியகம் பழைய மிஷன் தேவாலயங்களின் உருவில் எழுந்தது. 1957-ல் சட்டமே வந்தது: வரலாற்றுப் பகுதியில் எதைக் கட்டினாலும் மண் பாணியில்தான் இருக்க வேண்டும். இதனால் மண்போலத் தெரியும் பல சுவர்களுக்குள் இருப்பது சிமென்ட்டும் மரச்சட்டமும்தான். வாகன நிறுத்தக் கட்டடங்கள்கூட மண் நிறம் பூசி நிற்கின்றன.

● அசல் மண்ணில் எழுந்த பெரிய கட்டடம் பார்க்க வேண்டுமா? கிறிஸ்து அரசர் ஆலயத்துக்குப் போகலாம். 1940-ல் முடிந்தது. வடிவமைத்தவர் ஜான் கா மீம். சுமார் 1,80,000 பச்சைக்கற்கள், அதாவது சூளையில் வைக்காத மண் கற்கள். கட்டட இடத்திலேயே மண் எடுத்து, பங்கு மக்களே குழைத்து, வைக்கோல் கலந்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்தவை. அமெரிக்காவின் மிகப் பெரிய மண் கட்டடங்களுள் இது ஒன்று. உள்ளே 1761-ல் கல்லில் செதுக்கிய பீடப் பின்சுவர் இருக்கிறது. முதலில் சதுக்கத்திலிருந்த படைவீரர் ஆலயத்துக்குச் செய்தது. பிறகு பேராலயத்தில் ஒரு சுவருக்குப் பின்னால் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. அதற்குத் தகுந்த இடம் வேண்டும் என்றுதான் இந்த ஆலயத்தையே வடிவமைத்தார் மீம்.

● நியூ மெக்சிகோவின் பழைய ஆலயங்கள் நீளமாக, குறுகலாக இருப்பது ஏன்? மலையிலிருந்து இழுத்து வர முடிந்த பைன் மரத்தின் நீளமே ஆலயத்தின் அகலம். சன்னல்களும் குறைவு. ஆனால் பீடத்துக்கு மேலே கூரையைச் சற்று உயர்த்தி, அந்த இடைவெளியில் மறைவாக ஒரு சன்னல் வைப்பார்கள். உள்ளே நிற்பவருக்குச் சன்னல் தெரியாது. பீடத்தின்மேல் விழும் வெயில் மட்டும் தெரியும்.

● சட்டமன்றக் கட்டடம் வட்டமானது. 1966-ல் திறந்தது. அமெரிக்காவில் வட்ட வடிவச் சட்டமன்றம் இது ஒன்றே. மேலிருந்து பார்த்தால் சியா பியூப்லோ மக்களின் சூரியச் சின்னம்.

● கிழக்கு பேலஸ் அவென்யூ, 109-ம் எண். 1943 முதல் அணுகுண்டு ஆய்வுக்கு வந்த அறிவியலாளர்கள் எல்லாரும் முதலில் வந்து நின்ற சிறிய அலுவலகம் இந்தப் பழைய மண் கட்டடத்தில்தான் இருந்தது. இங்கிருந்து டாரதி மெக்கிபின் என்ற பெண்மணி அனுமதிச்சீட்டுக் கொடுத்து லாஸ் அலமோஸ் மலைக்கு அனுப்புவார். மலையில் பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழில் ஊர்ப்பெயர் இருக்காது. 'அஞ்சல் பெட்டி 1663, சாண்டா ஃபே' என்றே இருக்கும்.

● மண் சுவருக்குப் பெரிய பகை மழை என்று நினைப்போம். சிமென்ட் அதைவிடப் பெரிய பகை. 20-ம் நூற்றாண்டில், ஆண்டுதோறும் மண் பூசும் வேலை மிச்சமாகட்டும் என்று பல மண் ஆலயங்களுக்குச் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட்டில் விரிசல் விழும். விரிசல் வழியே நீர் உள்ளே போகும். வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள் தங்கிவிடும். பார்க்கத் திடமாக இருக்கும், உள்ளே மண் சேறாகியிருக்கும். மண் பூச்சு அப்படியில்லை. ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். சான் மிகேல் ஆலயத்திலும் சிமென்ட்டை உரித்துவிட்டு மறுபடி மண் பூசினார்கள். கார்னர்ஸ்டோன்ஸ் என்ற அமைப்பு வழிகாட்ட, தன்னார்வலர்கள் செய்த வேலை அது.

வடக்கே டாவோஸ் அருகிலுள்ள ராஞ்சோஸ் ஆலயத்திலும் 1960-களில் சிமென்ட் பூசி, சுவர் உள்ளுக்குள் கரைவதைக் கண்டு 1979-ல் உரித்தெறிந்தார்கள். அன்றுமுதல் ஆண்டுக்கொருமுறை கோடையில் பங்கு மக்கள் கூடி வைக்கோல் கலந்த மண்ணைக் கையாலேயே பூசுகிறார்கள். இந்தப் பூச்சு வேலை தொன்றுதொட்டுப் பெண்களின் தொழில். ஆட்டுத்தோலால் தேய்த்து மெருகேற்றுவதில் அவர்கள் கைகாரர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் கிராண்ட் கேன்யனோடு தென்மேற்கு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆல்புகெர்க்கி நகரிலிருந்து சாண்டா ஃபே சுமார் 100 கிலோமீட்டர்தான், ரயிலும் போகிறது. லொரெட்டோவில் பிள்ளைகளுக்கு அந்தப் படிக்கட்டைக் காட்டும்போது, சூசையப்பர் கதையோடு ரோஷா என்ற தச்சரின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள்.